இறங்குவதும் பொருந்துவதும்

பத்து காவான் என்னும் பெயரை முதன்முறை கேட்கும் தமிழன் ஒரு கணம் திகைப்பான். பத்து என்பது எண். காவான் என்றால் காக்கமாட்டான். பத்தையும் காவாதவன் ஊரோ இது என்று அவன் மயங்கினால், அது அவன் குற்றமன்று. மலாய் மொழியில் பத்து என்பது கல். காவான் என்பது தோழன். அந்தப் பெயர் தமிழன் காதில் தங்குதடையின்றி இறங்கிவிடுகிறது, ஆனால் பொருந்துவதில்லை. இறங்குவது வேறு, பொருந்துவது வேறு என்னும் இந்தப் பாடத்தை நான் பள்ளிக்கூடத்தில் கற்கவில்லை. என் தந்தையாருடைய பழைய துப்பாக்கி ஒன்றிடம் கற்றேன். அந்தத் துப்பாக்கியைப் பற்றி அண்மையில் நான் ஒரு முடிவு செய்ய வேண்டியதாயிற்று. ஆகவே அதன் கதையை அன்பர்களுக்குச் சொல்லத் துணிகிறேன்.

பினாங்கு மாநிலத்தின் பெருநிலப் பகுதியில், தென் செபராங் பிறையில், ஆறுகளும் கடலும் சூழ்ந்த தாழ்நிலம் பத்து காவான். அங்கே கரும்பு விளைந்தது; கரும்பு போய் ரப்பர் வந்தது; ரப்பர் போய்ச் செம்பனை வந்தது. பயிர்கள் மாறின, அவற்றை நட்ட கைகளுள் தமிழன் கையும் இருந்தது. 2014ஆம் ஆண்டு மார்ச் முதல் நாள் திறக்கப்பெற்ற பினாங்கின் இரண்டாம் பாலம், 24 கிலோமீட்டர் நீளத்தோடு கடலைத் தாண்டி இங்கே வந்துதான் கரை சேருகிறது. நான் பிறந்த லயம் இருந்த திசையில் இன்று தொழிற்சாலைகள் நிற்கின்றன. அவற்றுள் ஒன்றில் என் மகன் வேலை செய்கிறான். மயிரிழையைப் பல கூறாகப் பிளந்தாற்போன்ற நுட்பமான அளவுகளில் உறுப்புகள் செய்து, அவற்றைச் சோதித்து அனுப்புவது அவன் தொழில்.

என் தந்தையார் தொண்ணூறு வயதைக் கடந்து காலமானபொழுது விட்டுச் சென்ற பொருள்களை எண்ண ஒரு கைவிரல்களே போதும். அவற்றுள் ஒன்று துப்பாக்கி. வீடு பிள்ளைக்கு வரும். நிலம் பிள்ளைக்கு வரும். துப்பாக்கி அவ்வாறு வருவதில்லை. 1960ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டப்படி உரிமம் ஆளுக்கு உண்டே தவிரக் குடும்பத்துக்கு இல்லை. ஆள் மறைந்தால் அவர் பெயரில் உள்ள உரிமமும் மறைகிறது. காரியங்கள் முடியுமுன்னரே துப்பாக்கியைக் காவல் நிலையத்தில் ஒப்படைத்தேன். அதைத் திரும்பப் பெற விரும்பினால் என் பெயருக்குப் புதிய உரிமம் கேட்டு மனுச் செய்ய வேண்டும்; விரும்பாவிட்டால் அரசாங்கத்துக்கே விட்டுவிடலாம். "மனுச் செய்வோம், அப்பா, தாத்தா பொருளை விடலாமா?" என்றான் மகன். எனக்கோ உடனே விடை சொல்ல நா எழவில்லை. ஏன் எழவில்லை என்பதுதான் இந்தக் கட்டுரை.

அது இங்கிலாந்தில் செய்த இரட்டைக்குழல் வேட்டைத் துப்பாக்கி; பன்னிரண்டாம் எண் கொண்டது. பன்னிரண்டு என்றால் என்ன என்று பலர் கேட்பதுண்டு. ஒரு பவுண்டு ஈயத்தைப் பன்னிரண்டு சம உருண்டைகளாக உருட்டினால், அவற்றுள் ஓர் உருண்டை சரியாக நுழையும் அகலமுள்ள குழலுக்குப் பன்னிரண்டாம் எண் என்று பெயர். 1957இல் நாடு விடுதலை பெற்றபின் துரைமார்கள் ஒருவர்பின் ஒருவராகக் கப்பலேறினர். 1960 ஜூலை 31ஆம் நாள் அவசரகாலம் முடிவுற்றது. அதற்கு அடுத்த ஆண்டு, ஊர் திரும்பிய துரை ஒருவரிடமிருந்து, தோட்டத்துக் கிராணியாயிருந்த என் தந்தையார் காவல்துறையின் அனுமதியோடு அதை விலைக்கு வாங்கினார். காட்டுப்பன்றிகள் இளஞ்செம்பனையின் குருத்தையும் லயத்து மக்களின் மரவள்ளிக் கிழங்கையும் ஓர் இரவில் உழுது தள்ளிவிடும் காலம் அது.

துப்பாக்கி வாங்கினாரேயன்றி என் தந்தையார் அதன்மேல் மோகம் கொண்டவர் அல்லர். ஆயுதம் என்ற சொல்லைக் கேட்டே தமிழர் நடுங்கிய காலத்தை அவர் கண்டவர். 1948 ஜூனில் அவசரகாலம் பிறந்தது. உரிமமின்றி ஆயுதம் ஏந்தியவனுக்குத் தூக்கு என்று விதியும் பிறந்தது. அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராயிருந்த எஸ். ஏ. கணபதி, கைத்துப்பாக்கியும் தோட்டாக்களும் வைத்திருந்தார் என்று குற்றஞ் சாட்டப்பட்டு, 1949 மே 4ஆம் நாள் கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். அப்பொழுது என் தந்தையாருக்கு வயது பத்தொன்பது. "ஒரு தோட்டாவின் எடை எவ்வளவு என்பதை அன்றைக்குத் தெரிந்துகொண்டேன்" என்று அவர் பிற்காலத்தில் சொல்வார். அதனால்தான் அவர் வாங்கிய தோட்டா, சுட்ட தோட்டா, மீந்த தோட்டா என்று ஒன்றுவிடாமல் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்தார். எங்கள் வீட்டில் அரிசிக்குக் கணக்குத் தவறினாலும் தவறும், தோட்டாவுக்குத் தவறாது.

தோட்டத்தில் வாழ்ந்தவர்க்குத் தோட்டா எளிது என்று எண்ணவேண்டா. துரையோடு வந்த தோட்டாக்கள் நான்கைந்து ஆண்டுகளில் தீர்ந்தன. தந்தையார் பட்டர்வொர்த்தில் படகேறிப் பினாங்குப் பட்டணத்துக்குப் போய்க் கடையொன்றில் ஒரு பெட்டி வாங்கி வந்தார். பளபளவென்ற புதுச் சரக்கு. பன்னிரண்டாம் எண் என்று பெரிய எழுத்தில் அச்சிட்டிருந்தது. ஒன்றை எடுத்துக் குழலில் இட்டார், வழுக்கிக்கொண்டு இறங்கிற்று. துப்பாக்கியை மூடினார், மூடிற்று. வேறு எவராயினும் அன்று இரவே பன்றிக்குக் காவல் போயிருப்பார். என் தந்தையார் கிராணி அல்லவா? குழல்களைக் கழற்றித் திருப்பி, அடிப்பக்கத்தில் பொறித்திருந்த சிறு சிறு முத்திரைகளைப் பூதக்கண்ணாடி கொண்டு படித்தார். அங்கே 2½ என்று இருந்தது. பெட்டியின் ஓரத்தில் 2¾ என்று இருந்தது. கால் அங்குலம் வேற்றுமை.

கால் அங்குலத்தில் என்ன கெட்டுவிடும்? இங்கேதான் சூது இருக்கிறது. குழலின் பின்புறத்தில் தோட்டா தங்குவதற்கென்று ஓர் அறை உண்டு. அந்த அறை முடியுமிடத்தில் வழி சரிந்து ஒடுங்கிக் குழலாகிறது. பழைய ஆங்கிலத் துப்பாக்கிகள் பலவற்றின் அறை இரண்டரை அங்குலம், அதாவது ஏறக்குறைய 65 மில்லிமீட்டர். புதிய தோட்டாவோ 70 மில்லிமீட்டர். ஆனால் அந்த 70 என்பது தோட்டா வெடித்து, மடித்திருந்த அதன் வாய் விரிந்தபிறகு உள்ள நீளம். வெடிக்குமுன் வாய் மடிந்திருப்பதால் அது 65க்கும் குறைந்தே இருக்கும். ஆகவே குட்டை அறைக்குள் நெட்டைத் தோட்டா இடைஞ்சலின்றி இறங்கிவிடும். விசையை இழுத்தவுடன் அதன் வாய் முன்னே விரிந்து, அறையைக் கடந்து, ஒடுங்கும் இடத்திலே போய் நெருக்கும். ஈய ரவையும் நெருப்புக் காற்றும் போகும் வழி குறுகும். உள்ளே அழுத்தம் ஏறும். எல்லா நேரமும் குழல் வெடித்துவிடும் என்பதில்லை. வெடிக்காத நேரங்களே மனிதனை ஏமாற்றுகின்றன. தந்தையார் அந்தப் பெட்டியை அப்படியே மூடி அலமாரியின் மேல்தட்டில் வைத்தார். "இறங்குகிறது, தம்பி, பொருந்தவில்லை" என்று என்னிடம் சொன்னார். அந்தச் சொல் அன்று எனக்குப் புதிராயிருந்தது.

அலமாரியில் இன்னொரு பொருளும் இருந்தது: துரை விட்டுச் சென்ற தகரப் பெட்டி. அதற்குள் பித்தளையால் ஆன பழைய தோட்டாக் கூடுகள், மருந்தைக் கிட்டிப்பதற்கு ஒரு மரக் கோல், வட்ட வட்டமாக வெட்டிய அட்டை, ரவை அளக்கவும் மருந்து அளக்கவும் இருமுனைக் குப்பி ஒன்று. மருந்து அளக்கும் முனையில் 3 என்று பொறித்திருந்தது. மூன்று டிராம் என்று பொருள். பித்தளைக் கூட்டை ஒருமுறை சுட்டு எறிந்துவிட வேண்டியதில்லை. பழைய கேப்பைத் தட்டியெடுத்துப் புதிய கேப்பை வைத்து, மருந்து இட்டு, அட்டை வைத்துக் கிட்டித்து, ரவை கொட்டி, மேலே அட்டையிட்டு மெழுகால் ஒட்டினால் மீண்டும் தோட்டா. அந்தக்காலத்து மனிதர் பலர் இரவு நேரங்களில் விளக்கடியில் உட்கார்ந்து இப்படித்தான் தங்கள் துப்பாக்கிக்கு ஏற்றதைத் தாங்களே நிரப்பிக்கொண்டனர். தந்தையார் அந்தப் பெட்டியை எங்களுக்கு வேடிக்கை காட்டுவார், தொடவிடமாட்டார். தோட்டா செய்வதற்கு வேறு உரிமம் வேண்டும், துப்பாக்கி உரிமம் மட்டும் போதாது என்பதை அவர் நன்கறிவார்.

இனி என் சித்தப்பாவைப் பற்றிச் சொல்லவேண்டும். இன்று அவரும் இல்லை, தந்தையாரும் இல்லை. சொல்வதால் யாருக்கும் தீங்கில்லை. அவர்கள் இருவரும் ஒரே வயிற்றில் பிறந்தவர்கள். மூத்தவரைப் பாட்டி பத்து காவான் லயத்தில் பெற்றாள். இளையவரைச் சுமந்தபொழுது தாய்வீடு போய் நாகப்பட்டினத்தின் பக்கத்துக் கிராமம் ஒன்றில் பெற்று, நடக்கத் தெரிந்தபின் இடுப்பில் வைத்துக்கொண்டு திரும்பினாள். ஒரே பால், பிறந்த கரை மட்டும் வேறு. அந்த ஒரு வேற்றுமையால் அண்ணன் இந்நாட்டுக் குடிமகன். தம்பி கையில் சிவப்பு அடையாளக் கார்டு. முப்பது ஆண்டுகள் அந்த வேற்றுமையை யாரும் பொருட்படுத்தவில்லை. பால்மரத்துக்குக் கார்டின் நிறம் தெரியாது. 1968ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1969 மே மாதக் கலவரத்துக்குப் பிறகு அது இறுக்கப்பட்டபொழுதுதான், குடியுரிமையில்லாதவர் வேலை செய்யப் பெர்மிட் வேண்டும் என்பது தலையில் இடியாய் விழுந்தது. பல்லாயிரம் தமிழர் அன்று வேலை இழந்தனர். சித்தப்பாவும் அவர்களில் ஒருவர்.

பெர்மிட்டுக்கு எழுதிப் போட்டுவிட்டு அவர் காத்திருந்தார். காத்திருப்பவனுக்கும் பசி உண்டு. அவன் பிள்ளைகளுக்கும் உண்டு. லயத்துக்குப் பின்னால் இருந்த மரவள்ளிக் கொல்லைதான் அந்தக் குடும்பத்துக்கு அடுப்பெரித்தது. 1970இல் ஓர் இரவு பன்றிகள் வந்து பாதிக் கொல்லையைப் புரட்டின. "அண்ணே, துப்பாக்கியை எடுங்க" என்றார் சித்தப்பா. "தோட்டா பொருந்தாதுடா" என்றார் தந்தையார். மறுநாள் இரவு பன்றிகள் மீண்டும் வந்தன.

அடுத்து நடந்ததை முட்டாள்தனம் என்று ஒரு சொல்லில் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. சித்தப்பா யோசித்தே செய்தார். புதிய தோட்டாவில் பொருந்தாதது எது? அதன் நீளம். ஆகவே நீளத்தை விட்டுவிட்டு உள்ளிருப்பதை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன? துப்பாக்கிக்குப் பொருந்தும் பித்தளைக் கூடு இருக்கிறது. அளவுக் குப்பி இருக்கிறது. கிட்டிக்கும் கோல் இருக்கிறது. தந்தையார் அலுவலாக நிபோங் தெபாலுக்குப் போய் இரவு தங்கிய நாளில், அவர் சாவியை எடுத்து, அலமாரியைத் திறந்து, தகரப் பெட்டியையும் புதுத் தோட்டாக்களையும் விளக்கடியில் பரப்பினார். பதினான்கு வயதுப் பையனாகிய நான் பக்கத்தில் உட்கார்ந்து விளக்கைப் பிடித்தேன். ஒரு தோட்டாவை அறுத்து மருந்தைக் குப்பியில் கொட்டினார். பாதிக்குச் சற்று மேலே நின்றது. "கடைக்காரன் குறைத்துவிட்டான், பார்த்தாயா?" என்றார். இன்னொன்றை அறுத்துக் குப்பியைத் தலைதட்ட நிரப்பினார். நான்கு தோட்டாக்கள் தயாராயின.

குப்பி பொய் சொல்லவில்லை. ஆனால் அது கருமருந்துக்காகச் செய்த குப்பி. கருமருந்து பழைய மருந்து. புகை மிகுந்தது, வேகம் குறைந்தது, கொள்ளளவால் அளக்கத் தக்கது. புதிய தோட்டாவில் உள்ளது புகையில்லா மருந்து. பருமனில் சிறியது, ஆற்றலில் பெரியது, தராசில் நிறுத்தே அளக்கத் தக்கது. முன்னதன் குப்பியைப் பின்னதால் நிரப்புவது, மோர் குடிக்கும் செம்பில் சாராயத்தை நிரப்பிக் குடிப்பது போன்றது. பாதிக் குப்பியே அதற்கு முழு அளவு. சித்தப்பாவுக்கு இது தெரியாது. குறைந்ததைக் கண்டு அவர் கூட்டினார். நியாயம் என்று நினைத்தே கூட்டினார்.

அன்றிரவு கொல்லை மேட்டில் ஒரே ஒரு வெடி கேட்டது. அது துப்பாக்கி ஓசை போலவே இல்லை. நாங்கள் ஓடிப் பார்த்தபொழுது சித்தப்பா மல்லாந்து கிடந்தார். தோள் கறுத்துவிட்டது, வலது காதிலிருந்து இரத்தம் வழிந்தது. வலக்குழலில், அறைக்கு அருகில், பாம்பு எலியை விழுங்கினாற்போல் ஒரு புடைப்பு. இரும்பு சற்றே மெலிந்திருந்தால் அவர் இடக்கை போயிருக்கும், தலையும் போயிருக்கும். பன்றிக்கு ஒன்றும் நேரவில்லை.

மறுநாள் திரும்பிய தந்தையார் தம்பியைத் திட்டுவார் என்று நாங்கள் அஞ்சினோம். அவர் திட்டவில்லை. தெரிந்த ஆசாரி ஒருவரிடம் பொன் நிறுக்கும் சிறு தராசை வாங்கி வந்தார். மீந்த மூன்று தோட்டாக்களையும் தம் கையாலேயே பிரித்தார். ஒரு தட்டில் கடைத் தோட்டா ஒன்றின் மருந்தை வைத்தார்; மறு தட்டில் சித்தப்பா நிரப்பியதை வைத்தார். தட்டு தடாலென்று இறங்கிற்று. இன்னொரு கடைத் தோட்டாவின் மருந்தையும் சேர்த்தபிறகே தராசு ஏறக்குறைய நேர் நின்றது. ஒருவரும் பேசவில்லை. சித்தப்பா மட்டும் நெடுநேரம் அந்த முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "நான் குறைவென்று நினைத்தேன், அண்ணே" என்றார். பிரித்த மருந்தைத் தந்தையார் வாய்க்காலில் கரைத்தார்.

பெர்மிட் வரவில்லை. சில மாதங்களுக்குப்பின் சித்தப்பா, மனைவி மக்களோடு பினாங்குத் துறைமுகத்தில் ரஜூலாக் கப்பல் ஏறினார். நடக்கத் தெரிந்த வயதில் விட்ட நாகப்பட்டினத்துக்கு, நரை தோன்றும் வயதில் போனார். அந்த ஊர் அவரை ஏற்றுக்கொண்டது. அங்கே அவர் இறங்கினார். பொருந்தினார் என்று சொல்ல எனக்குத் துணிவில்லை. எங்களுக்கு எழுதிய கடிதங்களில் ஒருமுறை, "வலது காது ஒன்றும் கேட்பதில்லை; பத்து காவான் பன்றி உறுமுவது மட்டும் கேட்கிறது" என்று எழுதியிருந்தார். அதைப் படித்துத் தந்தையார் சிரித்தார். பிறகு எழுந்து வெளியே போய்விட்டார்.

அந்தத் துப்பாக்கியைத் தந்தையார் அதற்குப்பின் சுடவேயில்லை. எனினும் ஆண்டுதோறும் உரிமத்தைப் புதுப்பித்து வந்தார். சுடாத துப்பாக்கிக்கு ஏன் இந்தச் செலவும் அலைச்சலும் என்று நான் ஒருமுறை கேட்டேன். "சுடுவதற்காக வைத்திருக்கவில்லை, மறக்காமலிருக்க வைத்திருக்கிறேன்" என்றார்.

இப்பொழுது என் மகனிடம் வருகிறேன். தாத்தா உயிரோடிருந்தபொழுதே அவர் முன்னிலையில் அந்தக் குழல்களை அளந்து பார்த்தவன் அவன். அவன் சொல்வதில் நியாயம் இல்லாமலில்லை. "சின்னத் தாத்தாவுக்குத் தராசு இல்லை, அட்டவணை இல்லை, சொல்லிக்கொடுக்க ஆளில்லை. இன்றைக்கு எல்லாம் இருக்கின்றனவே, அப்பா" என்றான். வேற்று நாடுகளில், சட்டம் இடங்கொடுக்கும் இடங்களில், பாட்டன் விட்டுச்சென்ற ரைபிளுக்கு வீட்டிலேயே தோட்டா நிரப்புகிறவர்கள் ஏராளம் என்று அவன் விரித்துரைத்தான். அவற்றுள் சில ரைபிள்களின் அறை கடையில் விற்கும் எந்தத் தோட்டாவுக்கும் பொருந்தாது. யாரோ ஒருவர் தம் விருப்பப்படி கடைந்து வைத்த அறை. அப்பொழுது என்ன செய்கிறார்கள்? பெயரை நம்புவதில்லை, முத்திரையைக்கூட முழுதும் நம்புவதில்லை. எளிதில் உருகும் உலோகக் கலவை ஒன்றை அறைக்குள் வார்த்து அச்சு எடுக்கிறார்கள். அது ஆறும்பொழுது முதலில் சுருங்கும். பிறகு மெல்ல விரியும். வார்த்து ஏறக்குறைய ஒரு மணி நேரம் சென்றபின்னரே அறையின் உண்மை அளவைக் காட்டும். முந்தி அளந்தாலும் பிழை. பிந்தி அளந்தாலும் பிழை. இன்னொன்றும் சொன்னான்: சுட்ட கூட்டின் பித்தளை, தன் துப்பாக்கியினுடைய அறையின் வடிவத்தையே ஏற்றுக்கொண்டு வெளிவருமாம். ஆகவே ஒருவர் துப்பாக்கியில் சுட்ட கூடு, அதே எண்ணுள்ள இன்னொருவர் துப்பாக்கியில் இறங்க மறுப்பதும் உண்டாம். ஒரு வீட்டில் வளர்ந்த பிள்ளை வேறு வீட்டில் படும் பாடு எனக்கு நினைவு வந்தது.

துப்பாக்கியின் அளவுகளை வேட்டைக்காரனும் கொல்லனும் மட்டுமே நிர்ணயித்தார்கள் என்று எண்ணவேண்டா. இந்தியாவில் 1907 அளவில் ஆங்கில அரசு .450 அங்குல ரைபிள்களும் தோட்டாக்களும் உள்ளே வருவதைத் தடுத்தது. யானை சாகாது என்பதாலா? அன்று. அதே அகலமுள்ள பழைய மார்ட்டினி-ஹென்றி ராணுவத் துப்பாக்கிகள் கலகக்காரர் கையில் இருந்தன. வேட்டைத் தோட்டா அவற்றுக்கு உதவிவிடும் என்ற அச்சம். உடனே ஆங்கிலத் துப்பாக்கி செய்வோர் .465 என்றும் .470 என்றும் புதிய அகலங்களைப் படைத்தனர். அவ்வாறே ராணுவத்தின் .303 குடிமக்களுக்கு ஆகாது என்றபடியால், வங்காளத்து இச்சாப்பூர்த் தொழிற்சாலை அதே அமைப்பில் .315 என்று வேறொரு வேட்டை ரைபிளைச் செய்தது. குழலின் அகலத்தை முடிவு செய்தது விலங்கின் தோலன்று, அரசின் பயம். அரசுகள் மனிதரையும் இவ்வாறே அளக்கின்றன. ஒரே தாய் பெற்ற இருவரில் ஒருவன் அறைக்குப் பொருந்துவான். மற்றவன் கால் அங்குலம் மிஞ்சிவிடுவான். அந்தக் கால் அங்குலம் எங்கள் குடும்பத்தில் வங்காள விரிகுடாவின் அகலமாயிற்று.

மகனுக்கு நான் சொன்ன விடை இதுதான்: "தம்பி, உனக்கு அளக்கத் தெரியும்; நான் மறுக்கவில்லை. உன் சின்னத் தாத்தாவைவிட நீ நூறு பங்கு அறிந்தவன். ஆனால் மூன்று கேள்விகளுக்கு விடை சொல். அந்தக் குழல் புடைத்திருக்கிறது; எத்தனை சரியான தோட்டா செய்தாலும் அதற்குள் இடலாமா? தோட்டா செய்வதற்குத் தனி உரிமம் வேண்டுமென்னும் நாட்டில் இருக்கிறோம். அந்த விதியோடு உன் அறிவு பொருந்துகிறதா? கடைசியாக, எந்தக் கொல்லையைக் காக்கப் போகிறாய்? அந்தக் கொல்லைமேல்தானே உன் தொழிற்சாலை நிற்கிறது?"

அவன் சிறிது நேரம் பேசவில்லை. பிறகு, "அப்படியானால் தாத்தா வைத்திருந்தது பிழையா?" என்று கேட்டான். பிழையன்று. அவர் தம் தம்பியின் காதை அந்த இரும்புக்குள் வைத்திருந்தார். அதை அவர் கைவிட இயலாது. எனக்கோ அந்த இரவு அந்த இரும்பில் இல்லை. என் கையில் பிடித்த விளக்கில் இருக்கிறது. குப்பி பாதியில் நின்றபொழுது, "சித்தப்பா, இருங்கள்; அப்பா வரட்டும்" என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். நான் சொல்லவில்லை. சொல்லாத அந்தச் சொல்லுக்கு உரிமம் வேண்டுவதில்லை. ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டுவதும் இல்லை. அது தானே புதுப்பித்துக்கொள்கிறது.

சென்ற மாதம் நிலையத்துக்குப் போய், மனுச் செய்யப் போவதில்லை என்று எழுதிக் கையொப்பமிட்டேன். எழுதி வாங்கிக்கொண்ட இளைஞர், நல்ல பழைய துப்பாக்கி ஆயிற்றே, பெரியவரே, வருத்தமில்லையா என்று மலாய் மொழியில் அன்போடு கேட்டார். வருத்தமுண்டு என்றேன். பிறகு புதுப் பாலத்தின்மேல் ஏறிப் பினாங்குக்குத் திரும்பினேன். கீழே கடல். இதே கடலின்மேல்தான் ரஜூலா போயிற்று.

அளவுக் குப்பியை மட்டும் மகன் கேட்டு வாங்கிக்கொண்டான். தொழிற்சாலையில் அதைத் தன் மேசைமேல் வைத்திருக்கிறானாம். புதிதாக வேலைக்குச் சேரும் பிள்ளைகளிடம் அதன் கதையைச் சொல்லி, "இந்தக் குப்பியில் என்ன பிழை?" என்று கேட்கிறானாம். சிறிது என்பார்களாம், பெரிது என்பார்களாம், கோடு தவறிற்று என்பார்களாம். குப்பியில் பிழையே இல்லை என்று அவர்களில் ஒருவர் சொல்லும்வரை அவன் விடுவதில்லையாம்.